பக்கவாட்டு வெளிச்சம்

யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் போவது ஜன்னலை ஒட்டிய சுவருக்குத்தான். ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சுவரில் வெளிச்சம் நேராக விழும். அங்கே எந்தக் குறையும் தெரியாது. ஜன்னலை ஒட்டிய சுவரிலோ வெளிச்சம் சரிந்து, தடவிக்கொண்டே போகும். பட்டி எங்கே தூக்கிக்கொண்டு நிற்கிறது, ரோலர் எங்கே நின்று மறுபடி கிளம்பியது, சுவிட்ச் பெட்டியைச் சுற்றி எங்கே பிரஷ்ஷால் ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று எல்லாமே அங்கே தெரிந்துவிடும். வீட்டுக்காரர்கள் காபி போட உள்ளே போன நேரத்தில் எழுந்து போய் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்ப்பதும் உண்டு. ஒருமுறை அந்த வீட்டுக் குழந்தை பார்த்துவிட்டு, "அம்மா, டீச்சர் செவுத்தத் தடவுதாங்க" என்று அடுப்படிக்கே போய்ச் சொல்லிவிட்டது. "சுண்ணாம்பு கையில ஒட்டுதான்னு பாத்தேன்" என்று சமாளித்தேன். அது எமல்ஷன் அடித்த வீடு. அவர்கள் நாகரிகமாகப் பேச்சை மாற்றினார்கள்.

நான் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். பெயிண்ட் அடிப்பதற்கும் எனக்கும் ஒரு மே மாத விடுமுறை வரை எந்தச் சம்பந்தமும் கிடையாது. பொங்கலுக்கு முன்னால் ஆள் வருவார், அடிப்பார், கூலி வாங்கிக்கொண்டு போவார். சிந்திய புள்ளிகளைத் தரையிலிருந்து சுரண்டுவதோடு என் பங்கு முடிந்துவிடும்.

எங்கள் வீடு மாமனார் காலத்தில் கட்டியது. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு. முதலில் வருஷா வருஷம் சுண்ணாம்பு, பிறகு டிஸ்டெம்பர். ஹால் சுவரை மட்டுமாவது விளம்பரத்தில் வருவதுபோல் வழவழவென்று ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. தெருவில் எல்லார் வீட்டுக்கும் வேலை செய்கிற பெயிண்டர் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். சாமான் நாங்கள் வாங்கிக் கொடுப்பது, கூலி மட்டும் அவருக்கு, கையாளாக நான் நிற்பது என்று பேச்சு. கடைசி நிபந்தனைக்கு அவர் தலையைச் சொறிந்தார். கூலியில் ஓர் ஆள் மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று கூலியைக் காரணம் காட்டினேன்.

கலர் கார்டை நீட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈரத்துணி கேட்டார். சுவரில் ஓர் இடத்தில் அழுத்தித் தேய்த்துத் துணியைத் திருப்பிக் காட்டினார். வெளிர் நீலமாக மாவு ஒட்டியிருந்தது.

"டிஸ்டெம்பர் இன்னும் மாவாத்தான் இருக்கு டீச்சர். இதுக்கு மேல என்னத்தப் போட்டாலும், காஞ்சதும் இதையும் சேத்து இழுத்துக்கிட்டு உரிஞ்சி வந்துரும். மொதல்ல செவுத்துக்குப் போவணும்."

சுவருக்குப் போவது என்றால் என்ன என்பது அடுத்த சில நாட்களில் புரிந்தது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் தகட்டால் சுரண்டினால், நீலத்துக்குக் கீழே பிஸ்தா பச்சை. அதற்குக் கீழே ரோஸ். "ரோஸ் அக்கா கல்யாணத்துக்கு அடிச்சது" என்றார் என் வீட்டுக்காரர். பச்சை எந்த வருஷம் என்று அவருக்கும் அவர் தம்பிக்கும் போனில் வாக்குவாதமே நடந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், நீலம் கலந்த சுண்ணாம்பு, அடை அடையாக வந்தது. அத்தனை பொங்கல்களுக்கும் மட்டையால் அடித்த வெள்ளை அது. ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷத்து மட்டைக் கோட்டின் மேலேயே அடித்திருக்கிறார்கள். சுவர் மேடு பள்ளமானதற்குக் கொத்தனாரை மட்டும் குறை சொல்ல முடியாது என்று அண்ணாச்சி சொன்னார். சுண்ணாம்பு அடிக்கும்போது யாரும் மட்டம் பார்ப்பதில்லை. அது வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைச் சுத்தம் செய்கிற வேலை, அழகு பார்க்கிற வேலை இல்லை.

கதவு நிலைகளில் இருந்த பழைய எனாமலையும் நானே தேய்த்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். அண்ணாச்சி தடுத்தார், ஈரமாக்கித்தான் தேய்க்க வேண்டும், மூக்கில் துணி இல்லாமல் கிட்டே போகக் கூடாது என்றார். அவருக்குக் காரணம் தெரியாது, தொழிலில் மூத்தவர்கள் சொன்னது. காரணம் ஈயம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எண்ணெய் பெயிண்டுகளில் எதில் எவ்வளவு இருந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பழைய கதவை உலர்ந்தபடி தேய்க்கிற வேலையே வேண்டாம்.

பின்கட்டை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். சுண்ணாம்பு பொரிந்து, அதன்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அந்த இடத்தையும் பட்டி போட்டு மூடிவிடலாமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார். குளியலறைத் தண்ணீர் போகிற குழாய் இணைப்பில் கசிவு. ஈரம் சுவருக்குள் ஏறும்போது செங்கல்லிலும் பூச்சிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். வெளிப்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அது உள்ளிருந்து தள்ளும்போது பட்டியானாலும் பெயிண்டானாலும் தாக்குப் பிடிக்காது. குழாயைச் சரிசெய்து, கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினோம். புதுச் சிமென்ட் பூச்சு இறுகிக் காய நான்கு வாரமாவது விட வேண்டும் என்பதால் அந்தச் சுவரை மட்டும் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளிப்போட்டோம். ஹாலில் மூன்று சுவர் வெள்ளையும் ஒரு சுவர் சிமென்ட்டுமாக ஒரு பருவம் குடித்தனம் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் காசு தீர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

இனிப் பட்டி. இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் போட்டது வெள்ளைச் சிமென்ட் பட்டி. பவுடராக மூட்டையில் வரும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர். மாற்றிப் போட்டால் அடியில் கட்டி நின்றுவிடும். அந்தக் கட்டி தகட்டில் மாட்டிச் சுவர் முழுக்கக் கோடு இழுக்கும். கலக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி கலக்க வேண்டும். வெண்ணெய்ப் பதம் வரும்போது தகட்டைக் கவிழ்த்தாலும் பட்டி விழாது. இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க முடிகிற அளவுக்கே கலக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் வாளிக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். அப்போது தண்ணீர் ஊற்றி இளக்குகிறவர்கள் உண்டு. அந்தப் பட்டி காய்ந்த பிறகு மாவாக உதிரும்.

சுவரை முதலில் நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் பட்டியிலிருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் இறுகத் தண்ணீர் இருக்காது. நனைத்த சுவரில் தண்ணீர் வழிந்து முடிந்து, மினுமினுப்பு அடங்குகிற நேரம் பார்த்து அண்ணாச்சி ஆரம்பிப்பார். இடது கையில் அகலத் தகட்டில் பட்டி, வலது கையில் இழுக்கிற தகடு. கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. தகட்டின் சாய்வை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் வைக்கும்போது நன்றாகச் சாய்ந்திருக்கிற தகடு, மேலே போகப் போக நிமிரும். சாய்ந்திருக்கும்போது பட்டியைச் சுவரில் விடுகிறது, நிமிரும்போது வழித்துக்கொள்கிறது. அழுத்தம் மணிக்கட்டில் இல்லை, ஆள்காட்டி விரலில். அந்த விரல் தகட்டின் முதுகில் எங்கே படிகிறதோ அங்கேதான் பட்டி மெலிகிறது. நான் இழுத்தபோது இரண்டு ஓரத்திலும் வரப்பு கட்டியது. "தகட்டோட ரெண்டு மூலையும் ஒண்ணுபோலச் செவுத்துல ஒக்காரணும்" என்றார். அது கைக்கு வர மூன்று சுவர் ஆனது. அந்த மூன்றும் படுக்கையறைச் சுவர்கள் என்பதால் வெளியில் யாருக்கும் தெரியாது.

முதல் கோட் மேலும் கீழுமாக என்றால், அது காய்ந்த பிறகு இரண்டாவது கோட் குறுக்குவாட்டில். இரண்டும் சேர்ந்தே ஒன்றரை மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் கனம் ஏற்றினால் வெடிக்கும். ஆகவே பெரிய பள்ளங்களைப் பட்டியால் நிரப்பக் கூடாது. அதற்கு முன்பே சிமென்ட்டால் பூசி மட்டப்பலகையால் சரிசெய்துவிட வேண்டும். பட்டி மேடு பள்ளத்தைச் சரிசெய்கிற பொருள் என்று எல்லாரும் நினைக்கிறோம். அது பரப்பை வழவழப்பாக்குகிற பொருள். மட்டம் கொத்தனார் கையில் முடிந்துபோன விஷயம்.

இரண்டாவது கோட் போட்ட அன்று சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போகாமல் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். இருட்டியதும் ஹால் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, நீள ஒயரில் மாட்டிய ஒரு பல்பை எடுத்துச் சுவரை ஒட்டி, ஏறக்குறையச் சுவரிலேயே சாய்த்துப் பிடித்தார்.

பகல் முழுக்க நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த சுவர் காணாமல் போயிற்று. அங்கே மேடும் பள்ளமும் கீறலுமாக வேறொரு சுவர் நின்றது. ஒவ்வொரு தகட்டு இழுப்பின் ஓரமும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பத்தாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் நடத்துகிற முக்கோணவியல் இது. உயரத்தைக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால் நிழலின் நீளம். ஒரு மில்லிமீட்டர் மேட்டின் மேல் 45 டிகிரியில் வெளிச்சம் விழுந்தால் நிழலும் ஒரு மில்லிமீட்டர்தான். யார் கண்ணுக்கும் படாது. 5 டிகிரியில் விழுந்தால் 11 மில்லிமீட்டருக்கு மேல். 2 டிகிரிக்கு இறங்கினால் 28 மில்லிமீட்டரைத் தாண்டும். மேடு அதேதான், வெளிச்சம் வரும் கோணம்தான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கொடிக்கம்பத்தின் நிழலை வைத்து எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! என் வீட்டுச் சுவரில் ஒரு பல்பு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அண்ணாச்சி பென்சிலால் ஓர் இடத்தை வட்டமிட்டார். விடைத்தாள் திருத்துகிற கை சும்மா இருக்குமா? பென்சிலை வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சுவர் முழுக்க வட்டங்கள். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சர், உங்க கையில ஒரு பயலும் பாஸ் ஆவமாட்டான் போலயே."

பிறகு அவரே என் வட்டங்களைத் திருத்தினார். உள்ளங்கையை வைத்து மெதுவாக நகர்த்துவார். கைக்குத் தட்டுப்படுகிற வரப்பை வைத்துக்கொள்வார். கைக்குத் தெரியாமல் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அகலமான அலையை, அது ஜன்னல் பக்கச் சுவராக இருந்தால் வைத்துக்கொள்வார், மற்ற சுவரானால் அழித்துவிடுவார். மிச்சமிருந்தவற்றில் மேட்டைத் தேய்க்க விடமாட்டார். பக்கத்துப் பள்ளத்தை அகலத் தகட்டால் மெல்லியதாக நிரப்பச் சொல்வார். மேட்டைத் தேய்த்தால் அடியில் பூச்சு வெளிப்பட்டு, அந்த இடம் பெயிண்டை வேறு மாதிரிக் குடிக்கும்.

"லைட்ட இப்பம் எம்புட்டு வேணும்னாலும் வச்சுப் பாத்துக்கிடுங்க. பிரைமர் போட்ட பொறவு ஒருக்கப் பாருங்க. கலர் போட்ட பொறவு வைக்கப்படாது" என்றார். அப்போது அதை ஏதோ தொழில்காரர் ஜாக்கிரதையாகச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே உப்புத்தாள் போட்டோம். சிமென்ட் பட்டியை வாரக்கணக்கில் விட்டுவிட்டால் கல்லாகிவிடும், பிறகு தேய்க்கிறவர் தோள்தான் தேயும். முதலில் 180 நம்பர், கடைசியில் 320. நம்பர் ஏற ஏறத் தாள் நைஸ். தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுந்துகிற இடமெல்லாம் வாய்க்கால் விழும். மரக்கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். தூசியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. ஃப்ரிட்ஜுக்குள் இருந்த தயிரில்கூடப் பட்டி வாசனை அடிப்பதாக என் வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். சுவரில் தங்குகிற தூசிதான் இன்னும் மோசம். அதைத் துடைக்காமல் பிரைமர் அடித்தால் பிரைமர் தூசியைப் பிடித்துக்கொள்கிறது, சுவரைப் பிடிப்பதில்லை. விளக்குமாற்றால் தட்டி, லேசான ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டோம்.

பிரைமரை வேகமாகச் சொல்லி முடித்துவிடலாம். மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கைவைப்பது இதில்தான், கைவைக்கக் கூடாது. பட்டி ஓர் இடத்தில் அதிகமாகவும் ஓர் இடத்தில் குறைவாகவும் உறிஞ்சும். அந்த வித்தியாசத்தைப் பிரைமர் சமன்செய்யாவிட்டால் கலர் திட்டுத் திட்டாக நிற்கும், எத்தனை கோட் ஏற்றினாலும்.

கலர் போட ஆரம்பித்தது கத்தரி வெயிலில். நடு ஹாலில் ஒரு பெரிய வாளியை வைத்து, வாங்கி வந்த டப்பாக்களை எல்லாம் அதில் ஊற்றிக் கலந்தார். ஒரே நம்பர் கலர்தானே, ஏன் என்றேன். கடையில் மெஷினில் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா இம்மி வித்தியாசம் வரும்; சுவர் நடுவில் டப்பா மாறினால் அந்த இம்மி தெரியும். தண்ணீரையும் அளந்துதான் ஊற்றினார். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினார். புது ரோலரைக் கழுவிக் காயவைத்து, ஒட்டுகிற டேப்பை அதன்மேல் உருட்டிப் பிய்யும் நூலையெல்லாம் எடுத்தார். இவ்வளவுக்கும் சுவரில் இன்னும் ஒரு சொட்டுப் படவில்லை.

அப்புறம் ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஜன்னல்களையும் சாத்தச் சொன்னார். மே மாதப் பாளையங்கோட்டையில்!

எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய பிசின் துகள்களும் நிறமிகளும். தண்ணீர் போகப் போகத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்து ஒரு படலமாகும். படலம் கட்ட ஆரம்பித்த இடத்தில் மறுபடி ரோலரை ஓட்டினால் அது கிழிந்து சொரசொரப்பாகும். ஒரு பட்டையின் ஓரம் காய்ந்த பிறகு அடுத்த பட்டையை அதன்மேல் ஏற்றினால், ஏறின இடம் மட்டும் இரண்டு கனம். அந்த ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை வந்து சேர்ந்துவிட வேண்டும். மொத்த வித்தையும் அவ்வளவுதான். வெயிலும் ஃபேனும் அந்த ஈரத்தைத்தான் திருடுகின்றன. எனவே விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் ஒரு சுவரை முடிப்பது, ஒரு மூலையில் தொடங்கினால் மறு மூலை வரை நிற்காமல் போவது என்று வைத்துக்கொண்டோம். நான் முன்னால் கூரை ஓரத்தையும் சுவிட்ச் பெட்டியைச் சுற்றியும் பிரஷ்ஷால் அடித்துக்கொண்டு போக, அவர் பின்னாலேயே ரோலரோடு வந்து என் பிரஷ் கோட்டை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி உருட்டினார். சுற்றிலும் பிரஷ்ஷால் அடித்து முடித்துக் காயவிட்டு, சாவகாசமாக நடுவில் உருட்டினால் சுவரைச் சுற்றிச் சட்டம் போட்ட மாதிரி நிற்கும்.

பட்டையைப் போட்டதும் காய்ந்த ரோலரால் அழுத்தி இன்னும் கொஞ்சம் இழுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். அது கூடாது. அழுத்தினால் ரோலரின் இரு முனையிலும் பெயிண்ட் வழிந்து தண்டவாளம் போடும். நிறைய எடுத்து, சீராகப் பரப்பி, கடைசியாக எடையே இல்லாமல் மேலிருந்து கீழாக ஒரே திசையில் ஒரு ஓட்டு. அந்தக் கடைசி ஓட்டு எல்லாச் சுவரிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும். வாசலில் பக்கத்து வீட்டம்மா வந்து, "என்ன டீச்சர், ஆள் கெடைக்கலியா, நீங்களே ஏணில ஏறிட்டீங்க?" என்று விசாரித்தபோது திரும்பிப் பார்க்காமலே, "ஓரம் காஞ்சிரும் அக்கா, பொறவு வாரேன்" என்றேன். அவர் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

எனக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. நான் கேட்டது பளபளப்பு. அண்ணாச்சி ஹாலுக்கு மேட் தான் என்று ஒரே பிடியாக நின்றார். பளபளப்பு பெயிண்ட் வெளிச்சத்தை ஒரு திசையில் திருப்பி அனுப்பும், ஆகவே சுவரில் ஒரு சின்ன அலை இருந்தாலும் அந்தப் பிரதிபலிப்பு நெளியும். மேட் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும். இதைப் பின்னால் படித்தும் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஜிப்சம் பலகைச் சுவர்களுக்கு 0 முதல் 5 வரை தரம் வகுத்திருக்கிறார்கள். சுவர் முழுவதையும் மெல்லிய பூச்சால் மூட வேண்டிய ஐந்தாவது தரத்தைப் பரிந்துரைப்பது முக்கியமாக இரண்டு சூழ்நிலைக்கு: பளபளப்பு பெயிண்ட் அடிப்பதானால், அல்லது வெளிச்சம் பக்கவாட்டில் கடுமையாக விழுவதானால். எங்கள் ஹாலில் இரண்டும் இருந்திருக்கும். மேட் பெயிண்டில் கறை பட்டால் துடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். பிள்ளைகள் கை வைத்துக்கொண்டே ஓடுகிற நடைக்கு மட்டும் கொஞ்சம் மினுமினுப்பாக வாங்கினோம். அங்கே ஜன்னல் கிடையாது.

மினுமினுப்பு வேண்டுமென்றால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதைக் காரைக்குடிப் பக்கம் போனபோது பார்த்தேன். கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீடு. முற்றத்திலிருந்து சரிந்து வருகிற வெளிச்சத்தில் நின்ற சுவர். என் வழக்கப்படி தேடினேன், சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. தூரத்தில் நின்றவரின் நிழலுருவம் மங்கலாக அதில் தெரிந்தது. சுண்ணாம்பை நைஸாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, இறுகிக்கொண்டிருக்கும்போதே கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்க்கிற வழக்கமும் அந்தக் காலச் சுண்ணாம்புக் கலவைகளில் உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பில் செய்த இதே வகைப் பூச்சை 'மெட்ராஸ் சுண்ணம்' என்றே வெள்ளைக்காரர்கள் பேர் வைத்து வியந்தார்கள். அங்கே மேலே அடித்த பெயிண்ட் என்று எதுவும் இல்லை, பூச்சேதான் பளபளப்பு. அவ்வளவு கூலியும் பொறுமையும் போட முடியாத நாம் டப்பாவில் அதை வாங்கப் பார்க்கிறோம்.

இவ்வளவு கற்றுக்கொண்டதில் எனக்கு ஒரு நோயும் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து, சாமான்களைத் திருப்பி வைத்து, எல்லாரும் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போன பிறகு, ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து போய் ஹாலில் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். காலண்டர் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஓர் அலை. அதற்குப் பிறகு தினமும் ராத்திரி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் படுத்தேன். "கரண்டு இருக்கும்போதே டார்ச் அடிக்கிற ஒரே பொம்பள நீதான்" என்றார் என் வீட்டுக்காரர். மிச்சப் பெயிண்டும் பிரஷ்ஷும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தன. டச்சப் செய்த இடம் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் தனியாகத் தெரியும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்ததால் மட்டுமே தொடாமல் இருந்தேன்.

அவர் பாக்கிக் கூலி வாங்க வந்தபோது கூட்டிப் போய் டார்ச்சைப் பிடித்துக் காட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

"சரி, இப்பம் அத அணைங்க."

அணைத்தேன்.

"எங்கன இருந்துச்சுன்னு காட்டுங்க."

காலண்டர் ஆணியிலிருந்து கணக்கு வைத்துக் கையால் தேடினேன். கிடைக்கவில்லை. வெளியே நல்ல பகல் வெளிச்சம். அவர் பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

வீட்டுச் சுவரில் அன்றோடு டார்ச் அடிப்பதை விட்டேன். கண் மட்டும் அடங்கவில்லை. சமீபத்தில் கூட வேலை பார்க்கிற டீச்சரின் அம்மா இறந்து துக்கத்துக்குப் போயிருந்தோம். கூடத்தில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். அவர் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் ஜன்னலோரச் சுவரில் ரோலர் நின்ற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுவரின் சரிபாதியில் நின்றிருந்தது. வேலை நடுவில் யாரோ கூப்பிட்டுப் போயிருக்கிறார்கள். 'டீ குடிக்கப் போயிருப்பார்' என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன். அந்தச் சமயத்தில் அவர் ஏதோ கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். என்ன கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திரும்பக் கேட்க வழியும் இல்லை. பேருந்தில் வரும்போது இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

பெயிண்ட் பற்றி யாராவது யோசனை கேட்டால் இப்போதெல்லாம் கலரைப் பற்றிப் பேசுவதில்லை. விளக்கு எங்கே வரப்போகிறது என்றுதான் கேட்கிறேன். சென்னையில் தங்கை புது ஃபிளாட் வாங்கியிருக்கிறாள். சுவரின் தலைப்பிலேயே எல்இடி பட்டை விளக்கு மறைத்துவைத்து, அதிலிருந்து வெளிச்சம் சுவர் வழியாகவே இறங்குகிற மாதிரி டிசைன் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். அதற்குப் பளபளப்பு பெயிண்ட். அண்ணாச்சி பல்பை எங்கே பிடித்தாரோ அங்கேயே இவள் நிரந்தரமாக விளக்கு வைக்கிறாள். அந்த விளக்கைப் பட்டி வேலைக்கு முன்னாலேயே தற்காலிகமாகவாவது மாட்டச் சொல், அந்த வெளிச்சத்திலேயே பட்டி பார்க்கட்டும், அந்த வெளிச்சத்திலேயே தேய்க்கட்டும், பெயிண்டை மேட் ஆக மாற்று என்றேன். காண்ட்ராக்டர் ஒத்துக்கொள்ளவில்லை, விளக்கு கடைசியில்தான் வரும், எலக்ட்ரீஷியன் ஒரே வேலைக்கு இரண்டு தடவை வரமாட்டார் என்கிறாராம். "ரெண்டாவது தடவை வர்ற கூலிய நீயே குடுத்துரு" என்று சொல்லியிருக்கிறேன். மேட் விஷயத்தில் அவள் வீட்டுக்காரர் இன்னும் இறங்கி வரவில்லை.